மைக் செட்டோடு லேப்டாப்பை இணைத்து அளக்கும்போது வரும் கோளாறுகள்

பாலக்கோடு பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழா. பாக்ஸெல்லாம் கட்டி முடிக்கும்போதே மணி 4 ஆகிவிட்டது. 7 மணிக்குக் கச்சேரி. இடையில் கிடைத்த அரை மணி நேரத்தில் லேப்டாப்பை விரித்து, அளக்கிற மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை விட்டேன். திரையில் வந்த கோடு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது. செட்டு இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று, என்னை வேலைக்குக் கூட்டி வந்திருந்த அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்டாண்டுக்கு நடந்துபோனார். கேபிளைப் பிடுங்கிவிட்டு மைக்கை மட்டும் தூக்கிக் காட்டினார். கோடு கொஞ்சமும் அசையவில்லை.

"தம்பி, மைக் என் கையில இருக்குது. அது அங்க எதை அளந்துக்கிட்டு இருக்குது?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் ஒவ்வொரு பந்தலிலும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். அளக்கும் சாஃப்ட்வேர் ஸ்மார்ட் ஆகட்டும், இலவசமாகக் கிடைக்கும் ஓபன் சவுண்ட் மீட்டர் ஆகட்டும், அதில் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்னும் ஒப்பீட்டுத் திரை ஸ்பீக்கரைப் பார்ப்பதே இல்லை. இரண்டு சிக்னலை வாங்கி, ஒன்றை இன்னொன்றால் வகுத்து, வித்தியாசத்தைக் கோடாகப் போடுகிறது. செட்டுக்குள் நாம் அனுப்பிய சிக்னல் ஒன்று. அதற்கு ரெஃபரன்ஸ் என்று பெயர். காற்றில் வந்து மைக்கில் விழுந்தது இன்னொன்று. இந்த இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று விரல் வைத்துக் காட்ட முடியாதவரை, கோட்டைப் பார்த்து, ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பகுதியையும் ஏற்றி இறக்கும் ஈக்யூவில் கை வைக்கக் கூடாது. கீழே சொல்லும் கோளாறுகளில் முக்கால்வாசிக்குக் காரணம் பாக்ஸோ ஆம்ப்போ அல்ல. இந்த இரண்டு ஒயர்களில் ஒன்று.

முதலில் என் இணைப்பு

லேப்டாப்புக்குள் சத்தம் போகவும் வரவும் உதவும் பெட்டி, 2 இன்புட், 2 அவுட்புட் உள்ள ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ். இன்புட் 1-ல் மைக். அவுட்புட் 1 மிக்ஸரில் ஒரு காலி சேனலுக்குப் போகிறது. அவுட்புட் 2-லிருந்து ஒரு முழம் நீள ஜாக் கேபிள் அதே இன்டர்ஃபேஸின் இன்புட் 2-க்குத் திரும்பி வருகிறது. இப்படித் திரும்பி வரும் கேபிளுக்கு லூப்பேக் என்று பெயர். அதுதான் ரெஃபரன்ஸ். சாஃப்ட்வேரில் நாய்ஸ் இரண்டு அவுட்புட்டுக்கும் போகும்படி வைக்க வேண்டும். இப்படிச் செய்தால் மிக்ஸர், நம் ஆட்கள் 'மேனேஜ்மென்ட்' என்று சொல்லும் ஸ்பீக்கர் பிராசஸர், ஆம்ப், பாக்ஸ், பந்தல் என்று எல்லாமே ஒரே கோட்டுக்குள் வந்துவிடும்.

களத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். மைக்குக்குப் பதிலாக அவுட்புட் 1-ஐயும் ஒரு கேபிளால் இன்புட் 1-க்கே கொண்டுவாருங்கள். இரண்டு இன்புட்டின் கெயினும் ஒரே அளவில் இருந்தால் கோடு 0 டெசிபலில் நேராக நிற்க வேண்டும், இரண்டு அலைகளும் முன்பின் விலகும் கோணமான ஃபேஸ் 0 டிகிரியில் படுத்திருக்க வேண்டும், இரண்டு சிக்னலும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் கொஹிரன்ஸ் 100 சதவீதம் காட்ட வேண்டும். இது வரவில்லை என்றால் கோளாறு வீட்டிலேயே இருக்கிறது. லாரி ஏறிப் பென்னாகரம் போய்த் தேட வேண்டியதில்லை. நான் 10 நிமிடம் செலவழிக்கும் இந்தச் சோதனை பலமுறை ஒரு முழு மாலையைக் காப்பாற்றியிருக்கிறது.

மைக் மீட்டர் அசையவே இல்லை

அளக்கிற மைக் கண்டென்சர் வகை. இன்டர்ஃபேஸ் கேபிள் வழியே தரும் 48 வோல்ட் ஃபேன்டம் கரண்ட் போகாமல் உயிர் வராது. பெரிங்கர் ஈசிஎம்8000 போன்றவை 15 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், ஆனால் சுவிட்சைப் போட்டால்தானே அந்த 15-ம் வரும். முதலில் இன்டர்ஃபேஸில் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

இதிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சின்ன இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் 48 வோல்ட் சுவிட்ச் ஒன்றுதான், இரண்டு இன்புட்டுக்கும் சேர்த்தே போகும். ரெஃபரன்ஸை மிக்ஸரிலிருந்து மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிளில் கொண்டுவந்திருந்தால் மிக்ஸரின் அவுட்புட்டுக்குள் 48 வோல்ட் ஏறும். ரெஃபரன்ஸுக்கு எப்போதும் ஜாக் பின் போடுங்கள். ஜாக் வழியில் ஃபேன்டம் போகாது. இன்னொரு நன்மையும் உண்டு. இந்த வகை இன்டர்ஃபேஸில் எக்ஸ்எல்ஆர் துளை மைக் பிரீஆம்ப்புக்குப் போகிறது. மிக்ஸரின் மெயின் அவுட் முழு வேகத்தில் தரும் சிக்னலை அது தாங்காமல் கிளிப் ஆகிவிடும். ஜாக் துளையின் லைன் இன்புட் தாங்கும். பக்கத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பட்டன் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், அது கிடாருக்கானது.

விளக்கு எரிகிறது, இன்டர்ஃபேஸில் சிக்னல் தெரிகிறது, சாஃப்ட்வேரில் மட்டும் ஒன்றுமில்லை என்றால் விண்டோஸ் தடுத்திருக்கும். செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் மைக்ரோஃபோன். டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி தரும் பட்டன் அந்தப் பக்கத்தின் கீழே இருக்கிறது. மேக்கிலும் இதே அனுமதி தனியாகக் கேட்கும். கேட்கும்போது அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் அப்புறம் அது கேட்காது, நாம்தான் உள்ளே போய்த் திறக்க வேண்டும்.

மீட்டர் அசைகிறது, ஆனால் மைக்குக்குப் பக்கத்தில் கைதட்டினாலும் துள்ளவில்லை. அப்படியென்றால் லேப்டாப்பின் கீபோர்டு ஓரத்தில் நகத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உடனே மீட்டர் துள்ளினால் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது லேப்டாப்பின் சொந்த மைக்கை. சாஃப்ட்வேரின் இன்புட் பட்டியலில் இன்டர்ஃபேஸின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் தலையீடு இல்லாமல் சத்தத்தை நேராகக் கொண்டுவரும் ஏஎஸ்ஐஓ டிரைவர் இருந்தால் அதையே எடுங்கள். சாதாரண விண்டோஸ் வழியில் போனால், 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்' என்ற பெயரில் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று விண்டோஸ் நம் பிங்க் நாய்ஸையே வெட்டிவிடலாம். அதை அணைக்காமல் எடுத்த எந்த அளவும் செல்லாது.

கோடு அளவுக்கு மீறி நேராக இருக்கிறது

பாலக்கோட்டில் எனக்கு வந்தது இதுதான். நிஜப் பந்தலில், நிஜ பாக்ஸில் நேர்கோடு வரவே வராது. வந்தால் ரெஃபரன்ஸை ரெஃபரன்ஸோடேயே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். கொஹிரன்ஸும் மேலிருந்து கீழ்வரை 100-ல் நிற்கும், சந்தேகமே வேண்டாம். மைக் கேபிளைக் கழற்றுங்கள். கோடு மாறவில்லையா? மைக் சேனல் என்று சாஃப்ட்வேரில் தேர்ந்தெடுத்தது மைக் சேனல் அல்ல.

டிஜிட்டல் மிக்ஸரை நேராக யூஎஸ்பியில் லேப்டாப்போடு இணைக்கும்போது இது அதிகம் வரும். எக்ஸ்32 போன்ற மிக்ஸரில், யூஎஸ்பி துளை உள்ள கார்டுக்குப் போகும் 32 சேனல்களும் எட்டு எட்டாகக் கட்டப்பட்டவை. மைக் லோக்கல் இன்புட் 3-ல் இருக்கலாம், ஆனால் கார்டின் முதல் எட்டில் அவுட்புட் 1 முதல் 8 வரை போட்டுவைத்திருந்தால் லேப்டாப்பின் 3-வது சேனலில் வருவது மைக் அல்ல, மூன்றாவது அவுட்புட். நான் முதல் எட்டை லோக்கல் இன்புட்டுக்கும், இரண்டாவது எட்டை அவுட்புட் 9 முதல் 16-க்கும் கொடுத்துவிடுவேன். மெயினைப் பலரும் 15, 16-ல் வைத்திருப்பதால் ரெஃபரன்ஸ் அதே எண்ணில் லேப்டாப்பில் கிடைத்துவிடும். யூஎஸ்பி வழியில் போகும்போது சாம்பிள் ரேட்டை மிக்ஸர்தான் தீர்மானிக்கும். மிக்ஸர் 48 கிலோஹெர்ட்ஸ், லேப்டாப் 44.1 என்று நின்றால் சத்தம் வராது, வந்தாலும் டிக் டிக்கென்று உடையும்.

இதற்குத் தம்பி போல இன்னொரு கோளாறு இருக்கிறது, கண்டுபிடிக்கக் கஷ்டமானது. கோடு மேடும் பள்ளமுமாக நியாயமாகவே வருகிறது. மைக்கைக் கழற்றினால் கோடு கலைகிறது. எல்லாம் சரி. ஆனால் மெயினில் போட்டிருக்கும் கிராஃபிக் ஈக்யூவில் 250 ஹெர்ட்ஸை 6 டெசிபல் இறக்குகிறீர்கள். காதுக்கு வித்தியாசம் தெரிகிறது, திரையில் கோடு அசையவில்லை. சாஃப்ட்வேர் தொங்கிவிட்டது என்று நினைத்து மூடித் திறப்பார்கள். அது தொங்கவில்லை. ரெஃபரன்ஸை ஈக்யூவுக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறோம். 250-ல் ரெஃபரன்ஸும் 6 இறங்கியது, மைக்குக்கு வந்ததும் 6 இறங்கியது, வகுத்தால் பழைய விடைதான். நாம் திருத்த நினைக்கிற ஈக்யூ எதுவோ, அதற்கு முன்னாலிருந்து ரெஃபரன்ஸ் எடுக்க வேண்டும். மேலே சொன்ன லூப்பேக் கேபிளை நான் விரும்புவது இதனால்தான். அது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. பிராசஸரில் செய்யும் மாற்றத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் மிக்ஸரின் மெயின் அவுட்டிலிருந்து எடுப்பதும் சரிதான், தெரிந்து செய்தால்.

ஒரு திருவிழாவில் இது புரியாமல் ஒரு தம்பி, கோடு இறங்கவில்லையே என்று 250-ஐ 12 டெசிபல் வரை இறக்கிவிட்டார். அன்றைக்குக் கூத்தில் துரியோதனன் வேடக்காரருடைய குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. நல்ல கனமான குரல் அது. எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை.

நாய்ஸ் விட்டதும் ஊளையிடுகிறது

அளக்கிற மைக் எந்தக் காரணத்தாலும் செட்டுக்குள் திரும்பிப் போகக் கூடாது. போகிற வழிகள் இரண்டு. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டன் இருக்கும். அது இன்புட்டில் வருவதை அப்படியே அவுட்புட்டில் கொட்டும். அது ஆனில் இருந்தால் மைக், மிக்ஸர், பாக்ஸ், மறுபடி மைக் என்று வட்டம் முடிந்துவிட்டது. அணைத்துவிடுங்கள். மிக்ஸரிலேயே மைக்கைச் செருகியிருந்தால் அந்தச் சேனலை மெயினிலிருந்து கழற்றிவிடுங்கள். மியூட் மட்டும் போதாது. யாராவது ஒருவர் வந்து மியூட்டை எடுத்துவிடுவார். ஃபேடரைக் கீழே இறக்கி, மெயின் அசைனையும் எடுத்துவிட்டால் நிம்மதி.

நாய்ஸை எப்போதும் கீழிருந்து ஏற்றுங்கள். லேப்டாப்பின் நோட்டிஃபிகேஷன் சத்தத்தையும் மறக்காமல் அணையுங்கள். 10,000 வாட் செட்டில் அந்த டிங் சத்தம் விழுந்தால் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் அலறிவிடும்.

கோடு தலைகீழாக இருக்கிறது

பேஸ் பாக்ஸ் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க வேண்டிய இடத்தில் ஏறுகிறது, ஹை பக்கமும் அதேபோல ஏறுகிறது, டிலே, அதாவது சத்தம் மைக்குக்கு வந்து சேரும் தாமதம், கண்டுபிடிக்கச் சொன்னால் மைனஸ் எண் வருகிறது. ரெஃபரன்ஸும் மைக்கும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான்.

உம்ம்ம் என்று அடித்தளத்தில் ஒரு சத்தம்

ஸ்பெக்ட்ரத்தில் 50 ஹெர்ட்ஸ், 100, 150 என்று வரிசையாகக் கம்பி நட்டது போல நிற்கும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் சார்ஜரின் எர்த்தும் மிக்ஸரின் எர்த்தும் யூஎஸ்பி கேபிள் வழியாக வட்டம் போடுகின்றன. பேட்டரியில் அளந்துவிட்டால் வேலை முடிந்தது. அரை மணி நேரத்துக்குப் பேட்டரி தாங்கும். கச்சேரி முழுக்க லேப்டாப் இணைந்திருக்க வேண்டுமென்றால், மிக்ஸர் ஓடும் அதே போர்டிலிருந்து லேப்டாப்புக்கும் கரண்ட் எடுங்கள், எர்த் தொடர்பைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு டிஐ பாக்ஸை நடுவில் வையுங்கள்.

சத்தத்தை நிறுத்த எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மழை பெய்து ஈரமான மண் தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிக்கிறவர்கள் கூத்துக் கலைஞர்கள். எங்காவது ஒரு கருவியில் கரண்ட் கசிந்தால் அந்த எர்த் ஒயர்தான் அதை இறக்கிவிடும். அது இல்லாவிட்டால் கரண்ட் அவர்கள் உடம்பு வழியாகத்தான் இறங்கும். ஜெனரேட்டரில் ஓடும் நாளில் அதற்கு எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பதும் நம் வேலைதான்.

கோடு நிற்காமல் ஆடுகிறது, கொஹிரன்ஸ் விழுகிறது

மைக்கில் விழுந்ததில் எவ்வளவு பங்கு ரெஃபரன்ஸோடு பொருந்துகிறது என்று சொல்வது கொஹிரன்ஸ். அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

ஹை பக்கம் மட்டும் சரிந்து கிடக்கிறது, லோ பக்கம் ஓரளவு நிற்கிறது என்றால் டிலே போடவில்லை, அல்லது தப்பாகப் போட்டிருக்கிறது. மைக் பாக்ஸிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்றால் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 58 மில்லி செகண்ட் ஆகும். ரெஃபரன்ஸோ ஒயரில் உடனே வந்துவிட்டது. சாஃப்ட்வேர் ஹை பக்கத்துக்கு மிகச் சின்னச் சின்ன நேரத் துண்டுகளைத்தான் எடுத்து ஒப்பிடும். 58 மில்லி செகண்ட் விலகியிருந்தால் இரண்டு துண்டிலும் ஒரே சத்தம் இருக்காது. லோ பக்கத்துக்கு நீளமான துண்டு என்பதால் அது கொஞ்சம் தப்பிக்கிறது. டிலே கண்டுபிடிக்கும் பட்டனை அழுத்தி, ரெஃபரன்ஸை அந்த அளவு தாமதப்படுத்துங்கள். வந்த எண்ணை அப்படியே நம்பாமல் ஒருமுறை கணக்குப் போடுங்கள்: மில்லி செகண்டை 0.34-ஆல் பெருக்கினால் மீட்டர். டேப் வைத்து அளந்தது 20 மீட்டர், சாஃப்ட்வேர் சொல்வது 41 மீட்டர் என்றால், அது எதிரிலிருக்கும் பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பிய சத்தத்தைப் பிடித்திருக்கிறது. டிஜிட்டல் மிக்ஸரும் பிராசஸரும் ஓரிரு மில்லி செகண்ட் சேர்க்கும் என்பதால் அரை மீட்டர், ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. பேஸ் பாக்ஸை மட்டும் ஓடவிட்டு இந்தப் பட்டனை அழுத்தாதீர்கள். அது ஹை பக்கத்துச் சத்தத்தை நம்பித்தான் நேரம் பார்க்கிறது. பேஸில் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். மேல் பாக்ஸான டாப்பை வைத்து டிலே எடுத்து, அதை மாற்றாமல் பேஸை அளந்து, ஃபேஸ் கோட்டைப் பார்த்துப் பொருத்துவதுதான் வழி.

லோ பக்கம் மட்டும் விழுந்தால் பெரும்பாலும் காற்று, அல்லது ஜெனரேட்டர். ஆடி மாதத்தில் நம் பக்கம் அடிக்கிற காற்றுக்கு மைக்கின் தலையில் பஞ்சு உறை இல்லாமல் அளக்கவே முடியாது. நாய்ஸின் அளவு சுற்றுச் சத்தத்தைவிட 10 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். அந்த அளவில் எதிரொலி தொல்லை இல்லாவிட்டால் கொஹிரன்ஸ் 90 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆவரேஜை 8, 16 விநாடி என்று ஏற்றினால் கோடு அமைதியாகும். ஆனால் டிலே தப்பாக இருக்கும்போது ஆவரேஜை ஏற்றுவது, அழுக்குச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற வேலை.

எல்லாம் சரியாக இருந்தும் ஃபேஸ் கோடு மெதுவாக, யாரோ சுற்றுவது போலச் சுழன்றுகொண்டே போகிறதா? அப்படியானால் மைக் எது என்று பாருங்கள். யூமிக்-1 மாதிரி யூஎஸ்பி மைக்கா? அதற்குள் ஒரு கடிகாரம், ரெஃபரன்ஸ் வரும் மிக்ஸருக்குள் வேறொரு கடிகாரம். இரண்டும் 10 லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலும் நிமிடத்துக்கு 3 மில்லி செகண்ட் விலகும். வீட்டில் ஆர்இடபிள்யூ சாஃப்ட்வேர் போட்டு ஹாலை அளக்க அந்த மைக் அருமையானது. மேடையில் இரண்டு சேனல் அளவுக்கு, இரண்டு சிக்னலும் ஒரே பெட்டி வழியாக உள்ளே வர வேண்டும். ப்ளூடூத் வழியாக நாய்ஸ் அனுப்புவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கோட்டில் சீப்புப் பல் போலப் பள்ளங்கள்

முதலில் ஒரு பக்கத்து பாக்ஸை மட்டும் ஓடவிடுங்கள். இடமும் வலமும் சேர்ந்து ஓடும்போது மைக் சரியாக நடுவில் இல்லையென்றால் ஒன்று முன்னும் ஒன்று பின்னும் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்; சீப்பு அதனால் வருவது.

ஒரு பக்கம் மட்டும் ஓடியும் பள்ளம் இருக்கிறதா? காரிமங்கலம் பக்கம் ஒரு திறந்த மைதானத்தில் எனக்கு 200 ஹெர்ட்ஸில் ஒரு குழி, 600-ல் ஒன்று, 1,000-த்தில் ஒன்று என்று வந்தது. 200-ஐ ஏற்றினேன், நிரம்பவில்லை. இன்னும் ஏற்றினேன், ஆம்ப்பில் சிவப்பு விளக்கு வந்ததே தவிரக் குழி அப்படியே இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பாக்ஸ் 3 மீட்டர் உயரத்தில், மைக் ஒன்றரை மீட்டர் உயரத்தில், இடையில் 10 மீட்டர். நேராக வரும் சத்தம் 10.11 மீட்டர் பயணிக்கிறது. தரையில் பட்டு எழும்பி வருவது 10.97 மீட்டர். வித்தியாசம் 85 சென்டிமீட்டர் சொச்சம், நேரத்தில் ஏறக்குறைய 2.5 மில்லி செகண்ட். அரைச் சுற்று விலகும் இடம் 200 ஹெர்ட்ஸ். அங்கே இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அடுத்தது அதன் மூன்று மடங்கில், அதற்கடுத்தது ஐந்து மடங்கில். ஈக்யூவில் எவ்வளவு ஊற்றினாலும் நேர்ச் சத்தமும் ஏறும், தரைச் சத்தமும் ஏறும், மறுபடி தின்றுகொள்ளும்.

மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தரையிலேயே படுக்க வைத்தேன். மண் தரை என்பதால் கீழே ஒரு பிளைவுட் பலகை போட்டு, மைக்கின் மூக்கு பலகையைத் தொடுகிற மாதிரி, பாக்ஸைப் பார்த்து. மூன்று குழிகளும் ஒரே நேரத்தில் மறைந்தன. அளவு முழுக்க 6 டெசிபல் கூடிக் காட்டும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த நிம்மதி பெரியது. பாக்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பாக்ஸ் நன்றாகத்தான் இருந்தது.

ஃபேஸ் 180-ல் நிற்கிறது

ஏதோ ஒரு கேபிளில் 2-ம் 3-ம் பின் மாறியிருக்கிறது, அல்லது ஸ்பீக்கர் ஒயரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. சத்தம் வந்து சேரும் கணத்தைக் காட்டும் இம்பல்ஸ் திரையில் முதல் கூர் மேலே எழும்பாமல் கீழே குத்தும். இதை முடிவு செய்யுமுன் உங்கள் மைக் கேபிளையும் லூப்பேக் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். சந்தையில் வாங்கி நாமே பின் வைத்த கேபிள்தான் முதல் சந்தேகம். அதோடு, சில கம்பெனி பாக்ஸ்களில் லோ, ஹை என்று சத்தத்தைப் பிரிக்கும் கிராஸ்ஓவருக்காகவே ஒரு டிரைவரைத் திருப்பி வைத்திருப்பார்கள்; எல்லா பாக்ஸும் ஒரே மாதிரி 180 காட்டினால் ஒயரைப் பிரிக்காதீர்கள். நான்கில் ஒன்று மட்டும் காட்டினால் அதைப் பிரியுங்கள்.

கோடு நிற்கிறது, ஆனால் சரிந்துகொண்டே போகிறது என்றால் இது அல்ல. டிலேயில் மிச்சம் இருக்கிறது. 1 மில்லி செகண்ட் மிச்சமிருந்தால் ஒவ்வொரு 1,000 ஹெர்ட்ஸுக்கும் ஒரு முழுச் சுற்று சுற்றும்.

டெசிபல் எண் நம்பும்படி இல்லை

காது அடைக்கிற சத்தத்துக்கு 62 என்று காட்டும், அல்லது ஆளில்லாத மைதானத்துக்கு 110. சாஃப்ட்வேருக்கு மைக்கின் அளவு தெரியாது. 1 கிலோஹெர்ட்ஸில் 94 டெசிபல் தரும் காலிப்ரேட்டரை மைக்கின் தலையில் மாட்டி, இதுதான் 94 என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்புறம் கெயின் திருகியைத் தொடக் கூடாது. தொட்டால் மறுபடி முதலிலிருந்து. திருகியின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன்.

கோட்டின் வடிவத்துக்கு இந்த எண் தேவையில்லை. ஆனால் போலீஸ் வந்து கேட்கும்போது தேவை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம், அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55. ஆக எல்லையில் 65. இந்த அளவு, மனிதக் காதின் உணர்வுக்கு ஏற்ப அளக்கும் ஏ வெயிட்டிங்கில்தான், சாஃப்ட்வேரில் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாவுக்காக மாநில அரசு அனுமதித்த நாட்களில் மட்டும் நள்ளிரவு 12 மணி வரை விலக்கு.

மதியம் பொருந்தியது, ராத்திரி பொருந்தவில்லை

இதை ஒயரில் தேடி நான் இரண்டு இரவுகளை வீணாக்கினேன். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு டிலே டவர், அதாவது பின்னால் இருப்பவர்களுக்காகத் தாமதப்படுத்திய சத்தம் தரும் பாக்ஸ்கள். வெயிலில் நின்று அதன் நேரத்தை மெயினோடு பொருத்தினால், கூட்டம் சேர்ந்த பிறகு டவருக்கு அருகில் பாடகர் குரல் கொஞ்சம் மங்கலாகக் கேட்கும். கேபிளிலோ செட்டிங்கிலோ எந்த மாற்றமும் இல்லை. மாறியது காற்றின் சூடு. 35 டிகிரியில் சத்தம் விநாடிக்கு 352 மீட்டர் போகிறது, 20 டிகிரியில் 343. 30 மீட்டருக்கு முதலில் 85.2 மில்லி செகண்ட் ஆனது, குளிர்ந்த பிறகு 87.4 ஆகும். மலை சூழ்ந்த நம் ஊர்களில் பொழுது சாய்ந்ததும் சூடு மளமளவென்று இறங்குவதால் இது நன்றாகவே தெரியும்.

கச்சேரி நடுவே பிங்க் நாய்ஸ் விட முடியாது, விடவும் வேண்டாம். பாட்டே போதும், இரண்டு சிக்னலை ஒப்பிடுகிற முறைக்கு எந்தச் சத்தம் என்பது முக்கியமில்லை. லூப்பேக் கேபிளைக் கழற்றிவிட்டு, டவருக்கான டிலே சேராத, மிக்ஸரின் தனி அவுட்டான ஒரு மேட்ரிக்ஸ் அவுட்டை ரெஃபரன்ஸாக இன்புட் 2-க்குக் கொண்டுவாருங்கள். மைக்கை டவரடியில், மதியம் வைத்த அதே இடத்தில் வையுங்கள். இடைவேளையில் ரெக்கார்டு பாட்டு ஓடும்போது டவரை மட்டும் அரை நிமிடம் மியூட் செய்து, மெயின் வந்து சேரும் நேரத்தை எடுங்கள். மதியம் இதே மேட்ரிக்ஸ் வழியில் எடுத்துக் குறித்து வைத்த எண்ணைவிட 2.2 கூடியிருந்தால், டவர் டிலேயில் அந்த 2.2-ஐக் கூட்டி, மியூட்டை எடுத்துவிடுங்கள். டவருக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மெயினின் சத்தமும் டவரின் சத்தமும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து, குரல் தெளிவாகக் கேட்கும்.